கிண்ணத்தோடு பின்னால் ஓடுகிறேன்!

கேள்வி: மகளுக்கு 11 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியதிலிருந்து சாப்பாடு இறங்குவதே இல்லை. இரண்டு வாய் வாங்குகிறாள், மூன்றாவதைத் துப்பிவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கிண்ணத்தோடு நானும் பின்னால். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. முன்பு நன்றாகச் சாப்பிட்டவள்தான், என்ன ஆயிற்று?

பதில்: ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டைவிடச் சுவாரசியமான வேலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிறந்தபோது இருந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கானது, மூன்று மடங்காக ஒரு வயது வரை ஆகிறது, அப்புறம் இன்னும் மெதுவாகத்தான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் முன்போல இருக்காது.

முதலில் பின்னால் ஓடுவதை நிறுத்துங்கள். நடக்கும்போது வாயில் உணவு இருந்தால் விழும்போது தொண்டையில் சிக்கிக்கொள்ளும், அது முதல் காரணம். அடுத்தது, எழுந்து போனாலும் கிண்ணம் கூடவே வரும் என்று தெரிந்துவிட்டால் அவள் ஏன் உட்காரப் போகிறாள்? ஒரே இடத்தில், முதுகு நிமிர, கால் எங்காவது ஊன்றியிருக்கும்படி உட்கார வையுங்கள். கையில் பிடித்துக் கடிக்க வெந்த துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு நீங்களும் கூடவே சாப்பிடுங்கள். 20 நிமிடம் போதும். முகத்தைத் திருப்பினாலோ வாயை இறுக்கி மூடினாலோ அந்த வேளை முடிந்தது என்று எடுத்து வைத்துவிடுங்கள். இது முதல் சில நாள் உங்களுக்குத்தான் கஷ்டம், அவளுக்கு இல்லை. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது அவள் வயிற்றுக்குத்தான் தெரியும். போனைக் காட்டி வாயைத் திறக்க வைக்கும் வித்தை வேண்டாம், வயிறு நிறைந்ததே தெரியாமல் விழுங்கப் பழகிவிடுவாள்.

அளவைவிட இரும்புச்சத்தைக் கவனியுங்கள். பிறக்கும்போது உடம்பில் இருந்த சேமிப்பு ஆறு மாதத்தை ஒட்டிக் குறைந்துவிடுகிறது, அதனால் முட்டை, மீன், இறைச்சி, பருப்பு வகைகளில் ஏதாவது தினமும் இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பால் கொடுத்திருந்தால் பசி எங்கிருந்து வரும் என்பதையும் யோசியுங்கள். துப்பியதை 'பிடிக்காதது' பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், சில உணவுகளைப் பத்துத் தடவைக்கு மேல் நீட்டிய பிறகுதான் குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். எடை இறங்குகிறது, சிறுநீர் குறைகிறது, சோர்ந்து கிடக்கிறாள் என்றால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: 9 மாத மகனுக்கு இன்னும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்கிறேன். கொஞ்சம் கட்டியாக இருந்தாலே ஓங்கரிக்கிறான், பயமாக இருக்கிறது.

பதில்: ஓங்கரிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு. ஓங்கரிக்கும்போது முகம் சிவக்கும், சத்தம் வரும், உணவு முன்னால் தள்ளப்படும், அது உடம்பே செய்துகொள்ளும் பாதுகாப்பு. மூச்சடைத்தால் பெரும்பாலும் சத்தமே வராது. பயப்பட வேண்டியது அதற்குத்தான். அப்போது குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும், வெளியே வராவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்த வேண்டும், இப்படி மாறி மாறி. கூடவே யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் வாயில் விரலை விட்டுத் துழாவக் கூடாது. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் இதை ஒரு தடவை நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

மிக்ஸியை இந்த வாரமே ஓரங்கட்டுங்கள். கட்டிகளைத் தள்ளிப்போட்டால் பின்னால் மெல்லப் பழக்குவது இன்னும் சிரமம். கரண்டியால் மசித்தது, விரலால் நசுக்கினால் நசுங்கும் துண்டு, இவை போதும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், முழுக்கொட்டைகள் ஐந்து வயது வரை வேண்டாம், பச்சைக் கேரட்டைத் துருவியோ வேகவைத்தோ கொடுங்கள்.

கேள்வி: 13 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை. உட்கார்ந்து உருட்டும் வாக்கர் வாங்கினால் சீக்கிரம் நடப்பான் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் நடை சீக்கிரம் வராது, தள்ளிப்போகத்தான் வாய்ப்பு. படிக்கட்டில் உருளும், சூடான பாத்திரத்துக்குக் கை எட்டும். கனடாவில் 2004 முதல் இதை விற்கவே தடை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் குழந்தைகள் தனியாக நடந்த வயது சுமார் 8 மாதத்திலிருந்து கிட்டத்தட்ட 18 மாதம் வரை பரந்து கிடந்தது, உங்கள் மகன் அதற்கு நடுவில்தான் இருக்கிறான். வெறுங்காலோடு வழுக்காத தரையில் விடுங்கள், கூர்முனை மேஜைகளை ஓரம் தள்ளுங்கள், அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். விழுவானே என்றால், விழத்தான் செய்வான். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து 17 முறை விழுந்தார்கள்! 18 மாதத்திலும் நடக்காவிட்டால், அல்லது ஒரு பக்கக் காலை மட்டும் இழுத்தால், டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 10 மாதக் குழந்தைக்கு இருமலுக்குத் தேன் ஒரு சொட்டு?

பதில்: கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளையே செயலிழக்க வைக்கலாம். சொட்டானாலும் சரி, காய்ச்சினாலும் சரி, முதல் பிறந்தநாள் வரை வேண்டாம்.