"தி டோர் வாஸ் க்ளோஸ்ட்": இதில் 'க்ளோஸ்ட்' வினையா, பெயரடையா?

இரண்டும்தான். வாக்கியத்தை இப்படி மொட்டையாக நீட்டிக் கேட்டால் எந்த இலக்கண வாத்தியாராலும் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. "தி டோர் வாஸ் க்ளோஸ்ட் பை தி வாட்ச்மேன் அட் டென்" என்று நீண்டால் அது நடந்த செயல்: பத்து மணிக்குக் காவலாளி கதவைச் சாத்தினார். "தி டோர் வாஸ் க்ளோஸ்ட், ஸோ வீ வெயிட்டட் அவுட்சைட்" என்றால் அது கதவின் நிலை: போனபோது கதவு சாத்திக் கிடந்தது, சாத்தியது யார் என்ற பேச்சே இல்லை. முதலாவது செயப்பாட்டு வினை, இரண்டாவது பெயரடை.

நமக்கு இது குழப்புவதற்குக் காரணம், ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே 'வாஸ்' போட்டு ஒப்பேற்றுவதுதான். ஜெர்மனில் செயலுக்கு 'வேர்டன்', நிலைக்கு 'ஸைன்' என்று துணைவினையே மாறிவிடும். பழைய ஆங்கிலத்திலும் 'வெயோர்தன்' என்றொரு துணைவினை இருந்தது, காலப்போக்கில் வழக்கொழிந்துபோனது. இன்று பேச்சு ஆங்கிலத்தில் "தி கப் காட் ப்ரோக்கன்" என்று 'கெட்' போட்டுச் சொல்லும்போது அந்தப் பழைய வேலையில் ஒரு பகுதி திரும்ப நடக்கிறது. 'காட் ப்ரோக்கன்' என்றால் உடைந்த நிகழ்ச்சிதான். உடைந்து கிடக்கும் நிலை அல்ல.

எனக்கு மனத்தாங்கல் உள்ள இடம் வேறு. நம் ஊர்ப் பயிற்சிப் புத்தகங்களில், செயப்பாட்டு வினையில் வழக்கமாக வரும் 'பை' வராத விதிவிலக்குகள் என்று ஒரு பட்டியல் இருக்கும்: 'நோன் டு', 'இன்டரெஸ்டட் இன்', 'ப்ளீஸ்ட் வித்', 'சர்ப்ரைஸ்ட் அட்'. பிள்ளைகள் வாய்ப்பாடு போல அதை ஒப்பிப்பார்கள். இவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைக்கவே தேவையில்லை. பாஸ்ட் பார்ட்டிசிப்பிள், அதாவது 'க்ளோஸ்ட்', 'ப்ரோக்கன்' போன்ற வினை வடிவம், பெயரடையாக மாறிவிட்டால் மற்றப் பெயரடைகளைப் போலத் தனக்கென்று 'டு', 'இன்', 'வித்' போன்ற ஒரு பிரிப்போசிஷனைச் சேர்த்துக்கொள்கிறது. 'ஃபாண்ட் ஆஃப்', 'ஆங்ரி வித்' என்பதை யாரும் விதிவிலக்கு என்று சொல்வதில்லையே?

எது எது என்று பிரித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு. 'வெரி' சேர்த்துப் பாருங்கள்: 'வெரி வொரீட்' சரி, "தி பிரிட்ஜ் வாஸ் வெரி பில்ட்" அபத்தம். 'வாஸ்' இருக்கும் இடத்தில் 'லுக்ட்' அல்லது 'சீம்ட்' போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் பெரும்பாலும் பெயரடை. 'பீயிங்' நுழைந்தால், "தி டோர் இஸ் பீயிங் க்ளோஸ்ட்" என்பதைப் போல, அது செயல்தான்.

எனக்குப் பிடித்தது 'அன்' சோதனை. "தி பார்சல் வாஸ் அன்ஓபன்ட்" என்பது ஒருபோதும் செயப்பாட்டு வினை ஆகாது. 'அன்ஓபன்' என்று ஒரு வினையே ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் 'அன்லாக்' என்ற வினை இருக்கிறது. ஆகவே "தி டோர் வாஸ் அன்லாக்ட்" என்றால் யாரோ பூட்டைத் திறந்தார்கள் என்றும் இருக்கலாம், கதவு பூட்டாமலே கிடந்தது என்றும் இருக்கலாம். துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு வசதியான வாக்கியம்.

மாலை வகுப்பில் நான் அடிக்கடி திருத்துவது "தி ஷாப் இஸ் ஓபன்ட்". கடை மூடியிருந்தால் 'க்ளோஸ்ட்', எனவே திறந்திருந்தால் 'ஓபன்ட்' என்பது மாணவர்களின் கணக்கு. கணக்கில் தவறில்லை, ஆங்கிலம்தான் ஒழுங்காக இல்லை. 'க்ளோஸ்ட்' வினையிலிருந்து வந்த பெயரடை. அதற்கு எதிராக நிற்கும் 'ஓபன்' வினையின் உதவியில்லாமலே பெயரடை. கடைப் பலகையில் ஒரு பக்கம் 'க்ளோஸ்ட்', மறுபக்கம் 'ஓபன்' என்று இருப்பது அதனால்தான். "தி ஷாப் இஸ் ஓபன்ட் அட் நைன் எவ்ரி டே" என்பது மட்டும் சரி. அங்கே தினமும் ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து ஷட்டரைத் தூக்குகிறார்.

எல்லைக்கோடு எல்லா இடத்திலும் தெளிவாக இருக்காது. "ஐ வாஸ் வெரி சர்ப்ரைஸ்ட் பை ஹிஸ் ஆன்சர்" என்று தாராளமாக எழுதலாம்: 'வெரி' பெயரடைக்கு அடையாளம், 'பை' செயப்பாட்டு வினையின் அடையாளம், இரண்டும் ஒரே வாக்கியத்தில். மன உணர்ச்சியைச் சொல்லும் வினைகளில் இந்தக் கலப்பு சகஜம்; ஒரு கட்சியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்னொன்று. 'ரிட்டயர்ட் டீச்சர்', 'ஃபாலன் லீவ்ஸ்' போன்றவற்றைச் செயப்பாட்டு வினையோடு சேர்க்காதீர்கள். ஆசிரியர் தாமாக ஓய்வு பெற்றார், இலை தானாக விழுந்தது. "ஹீ இஸ் ரிட்டயர்ட்" பார்வைக்குச் செயப்பாட்டு வினை போல இருந்தாலும் அதைச் செய்வினையாக மாற்ற வழியில்லை.

தேர்வுக்குப் படிக்கிறவர் என்றால் மட்டும், மேலே சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு விடைத்தாளில் பட்டியலில் உள்ளபடி 'சர்ப்ரைஸ்ட் அட்' என்றே எழுதிவிடுங்கள். 'பை'யும் சரிதான் என்று திருத்துகிறவரிடம் வாதாட உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்காது. அவர் கையில் இருப்பது விடைக்குறிப்பு.