மாத்திரை ஏழு மணிக்கு, இட்லி ஒன்பதரைக்கா?

கேள்வி: தீபாவளிக்கு நாத்தனார் குடும்பமும் கொழுந்தனார் குடும்பமும் வந்து நான்கு நாள் எங்களோடு தங்குகிறார்கள். மொத்தம் ஒன்பது பேர். 52 வயதாகும் என் கணவருக்குச் சர்க்கரை. காலையில் கிளிமிப்ரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். போன தீபாவளியன்று காலையில் வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தும் தெளிய நேரமாயிற்று. மாமியாருக்கு பி.பி. இந்த லீவிலாவது வீட்டில் நிம்மதி வேண்டும். சுகர் ஃப்ரீ இனிப்பு வாங்கலாமா? வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பண்டிகை ஆஃபரையும், ஏழு நாள் டீடாக்ஸ் பொடியையும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போன வருடம் அவருக்குச் சர்க்கரை ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. இனிப்பைவிட, தள்ளிப்போன சாப்பாடுதான் காரணமாக இருக்கும். தீபாவளிக் காலையில் ஒரே குளியலறையில் ஒவ்வொருவராக எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, வெடி வெடித்து முடித்து இட்லிப் பானை அடுப்பில் ஏறவே ஒன்பது மணி ஆகிவிடும். அவர் பழக்கப்படி ஏழு மணிக்கே மாத்திரையை விழுங்கியிருப்பார். கிளிமிப்ரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்க்காது.

ஆகவே பண்டிகை நாட்களில் மாத்திரைக்குக் கடிகாரம் பார்க்க வேண்டாம், தட்டைப் பாருங்கள். இட்லி தட்டில் விழுந்த பிறகு, முதல் வாய்க்குச் சற்று முன் மாத்திரை. பூஜை முடிந்துதான் சாப்பாடு என்றால் மாத்திரையும் பூஜைக்குப் பிறகுதான். முதல் குளியல் அவருக்கு, முதல் ஈடு இட்லியும் அவருக்கு என்று வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேதார கௌரி நோன்பு இருப்பவர் என்றால் அவருடைய மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாகப் பாதி மாத்திரை கொடுக்காதீர்கள்.

சர்க்கரைத் தண்ணீர் ஏன் உடனே கேட்கவில்லை? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாத்திரையை எழுதிக் கொடுக்கும் இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச நேரமில்லை, மருந்துக் கடையிலும் சொல்வதில்லை. நாம் காபியில் போடும் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஒட்டிக்கொண்டிருக்கும். குடலில் ஒரு நொதி அதை வெட்டிய பிறகுதான் ரத்தத்தில் சேரும். அந்த நொதியை மந்தப்படுத்துவதுதான் வோக்ளிபோஸின் வேலை. அதனால் இந்த மருந்து சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது சீனியும் வெல்லமும் லட்டும் மெதுவாகத்தான் உதவும். குளுக்கோஸுக்கு வெட்டு தேவையில்லை, நேரே ரத்தத்தில் சேர்ந்துவிடும். சுவையூட்டாத சாதாரண குளுக்கோஸ் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி, வந்தவர்களுக்கும் தெரிகிற மாதிரி ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் எது வந்தாலும் 15 கிராம், அதாவது தலை தட்டிய மூன்று நான்கு டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லியோ சாதமோ சாப்பிட வேண்டும். கிளிமிப்ரைடு நெடுநேரம் வேலை செய்யும் மருந்து என்பதால் மறுபடியும் இறங்கலாம். அன்று முழுக்கக் கண்ணில் வைத்திருங்கள். வீட்டில் குளுக்கோஸ் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி தேன். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

சுகர் ஃப்ரீ இனிப்பு வேண்டாம். அதில் சீனி இல்லாவிட்டாலும் கோவா, மைதா, நெய் எல்லாம் இருக்கும். சீனிக்குப் பதில் பல இனிப்புகளில் மால்டிட்டால் போடுகிறார்கள். அதிலும் சீனியில் பாதிக்குமேல் கலோரி உண்டு. நாலைந்து துண்டு உள்ளே போனால் வயிறு உப்பிப் பேதியாகும். "சுகர் ஃப்ரீதானே" என்று ஒன்றுக்கு நாலாக எடுப்பதுதான் பெரிய ஆபத்து. மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு மைசூர்பாகு, அன்றைக்குச் சாதத்தில் ஒரு கரண்டி குறைவு. அவ்வளவு போதும். அதிரசத்தில் இருப்பது வெல்லம்தானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். லேகியம் தின்றால் இனிப்பு ஏறாது என்பதும் பொய். லேகியத்திலேயே வெல்லம் இருக்கிறது. உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் சட்டம். இத்தனை வருடம் கழித்தும் வாடிக்கையாளர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை ஆஃபர். உங்கள் வீட்டுக்கு வரப்போகும் ஏஜென்டுக்குக் கமிஷன்தான் கணக்கு. எண்பது பரிசோதனை என்று பட்டியல் நீட்டுவார். அதில் உங்கள் கணவருக்குத் தேவையானது ஐந்தாறு இருக்கும். முறுக்கும் பிரியாணியும் சாப்பிட்ட மறுநாள் ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறித்தான் காட்டும். உடனே ஒரு போன், இன்னொரு பேக்கேஜ். எச்பிஏ1சி பரிசோதனை ரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்வது, அதற்கு இந்த வாரமே அவசரம் ஒன்றுமில்லை. வீடு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி இரண்டு வாரம் போகட்டும். பிறகு உங்கள் மருத்துவர் எழுதித் தருவதை மட்டும் பாருங்கள். என்ஏபிஎல் என்ற தர அங்கீகாரம் இல்லாமலும் ஒரு லேப் நடத்தலாம் என்பதுதான் இங்கே நிலைமை. அதனால் அங்கீகாரம் உண்டா, ரத்தம் எந்த லேபுக்குப் போகிறது என்பதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டீடாக்ஸ் பொடியைத் தொடவே வேண்டாம். இப்படி விற்கும் பொடிகள் பலவற்றில் இருப்பது நிலாவாரை, பேதி மருந்து. மாமியாரின் பி.பி. மாத்திரை சிறுநீர் பிரியவைக்கும் வகையாக இருந்தால், இதுவும் சேர்ந்து உடம்பில் பொட்டாசியம் இறங்கிவிடலாம். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

மாமியாருக்கு ஒரு நாள் உப்பு மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூன். மிக்சர், முறுக்கு, ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். மாத்திரை அட்டையை இன்றே எண்ணிப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வாங்குபவராக இருந்தால் லீவுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நிம்மதி வேண்டும் என்றீர்கள். அதற்கு முதலில் தூக்கம். விருந்தாளி வந்தார் என்று மாலை ஆறு மணிக்குக் கெட்டி டிகாக்‌ஷனில் காபி குடித்தால், அதில் பாதி காஃபீன் இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மூன்று மணிக்கு மேல் உங்களுக்கும் மாமியாருக்கும் காபி வேண்டாம். டிவி இல்லாத ஒரு அறையை மாமியாருக்கென்று ஒதுக்குங்கள். சமையலை நாத்தனாரோடு வேளை பிரித்துக்கொள்ளுங்கள். மதியம் அரை மணி நேரம் அந்த அறையில் நீங்களும் படுக்க வேண்டும். வெடிக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் யாரும் அதோடு நிறுத்துவதில்லை, தட்டிக் கேட்கவும் ஆளில்லை. எனவே மாலை ஆறரைக்கே ஜன்னலைச் சாத்திவிட்டு, புகை அடங்கிய பிறகு திறங்கள். மறுநாள் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

மொட்டை மாடிக்குப் போனால் உங்கள் கணவர் காலில் செருப்பு இருக்கட்டும். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பு கறுத்துப்போய்க் கிடக்கும், ஆனால் சூடு அப்படியே இருக்கும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் மிதித்ததே தெரியாது, இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு கம்பியையும் அதில் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். படுக்கப் போகும் முன் இரண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.