ராடை மாற்றாதீர்கள், வோல்டேஜைப் பாருங்கள்

பாலக்கோட்டு நண்பருக்கு வணக்கம். வாளியில் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடு மாலையில் மந்தமாகக் காய்கிறது, பிளக்கில் 190 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 5.4 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறீர்கள். ராடு நன்றாகவே இருக்கிறது.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 190 ÷ 5.4, ஏறத்தாழ 35 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் ராடுக்கு இருக்கவேண்டியதும் 230 × 230 ÷ 1500, அதே 35தான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன்: 1026 வாட். வோல்டேஜ் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைவதால், திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அரை மணியில் காயும் தண்ணீருக்கு முக்கால் மணி ஆகும்.

என் கவலை வேறு. ராடு ஓடும்போதே மீட்டர் போர்டில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். அங்கும் 190 என்றால் வெளி லைனில் குறை. மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். அங்கே 230 இருந்தால் நடுவில் தொலையும் 40 வோல்ட், 5.4 ஆம்பியரோடு பெருக, 216 வாட் வெப்பமாக உங்கள் ஒயரிங்கில் இறங்குகிறது. அப்படியானால் சரிசெய்யும்வரை ராடைப் போடவே வேண்டாம். பென்னாகரத்தில் எங்கள் வீட்டுப் பிளக்கின் பின்புறம் பழுப்பேறி இளகியிருந்தது. ஒரே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.