ஜெபித்த பிறகும் விழுகிறேன் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 26 வயது. ஊர் தூத்துக்குடிப் பக்கம், வேலை கோயம்புத்தூரில். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ராத்திரி பத்தரை மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து போனில் ஒரு அதிகாரம் வாசித்து ஜெபிப்பேன். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதற்கப்புறம் அதே போனில் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிடுகிறேன். உபவாசம் இருந்தேன். முழு இரவு ஜெபத்துக்குப் போனேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடியும் விழுந்துவிட்டேன். விழுந்தால் மூன்று நாலு நாள் ஜெபிக்க வாயே வருவதில்லை. என் ஜெபத்தில் விசுவாசம் இல்லையா? இன்னும் எவ்வளவு ஜெபிக்க வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இதை எழுத எத்தனை நாள் யோசித்தீர்களோ. எழுதியதற்கு நன்றி. உங்கள் அனுமதியோடுதான் வெளியிடுகிறேன். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்க முடியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் ஆமென் சொல்லும் நேரத்தில் அந்த போன் எங்கே இருக்கிறது? கையிலேயே இருக்கிறது. அறையில் வேறு யாரும் இல்லை, உடம்பு களைத்திருக்கிறது, தூக்கம் இன்னும் வரவில்லை. உங்கள் ஜெபத்தை நான் சந்தேகப்படவில்லை. அது முடிந்த பிறகு வரும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் காவல் இல்லை என்பதைத்தான் பார்க்கிறேன்.

சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசு தம் சீஷர்களிடம் சொன்னதை நாம் பாதியாகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்றார். ஜெபம் நமக்குப் பழக்கமான சொல். விழித்திருப்பதை முழு இரவு ஜெபத்தோடு முடித்துக்கொள்கிறோம். அது நல்லதுதான், நானும் போகிறேன். ஆனால் வேதத்தில் விழித்திருப்பது என்றால் பெரும்பாலும் ஜாமக்காரனின், அதாவது இரவுக் காவல்காரனின் வேலை. அந்தக் காலத்தில் இரவை நாலு ஜாமமாகப் பிரித்துக் காவல் காத்தார்கள். மாற்கு சுவிசேஷத்தில் ஆண்டவரே அந்த நாலையும் சொல்கிறார்: சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை. காவல்காரனுக்குத் தூங்காமல் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் சுவர் தாழ்ந்திருக்கிறது, எந்த நேரத்தில் ஆள் வருவான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலைக் கட்டியபோது செய்ததைப் பாருங்கள். எதிரிகள் கூடி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம் என்கிறார். இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன. காவல் வைத்ததால் அவருக்கு விசுவாசம் குறைந்தது என்று யாராவது சொல்வார்களா? மதிலுக்குப் பின்னால் பள்ளமான இடங்களைப் பார்த்துக் குடும்பம் குடும்பமாக ஆட்களை நிறுத்தினார். 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்தது.

உங்களுடைய பள்ளமான இடம் அந்தப் பத்தரை மணிதான். அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் அனுபவம் ஒன்று. எனக்குக் கோபம். காலையில் முழங்காலில் நின்று கோபத்துக்காக அழுது ஜெபிப்பேன், சாயங்காலம் வீட்டு வாசலில் கால் வைத்த அரை மணி நேரத்தில் பிள்ளைகளிடம் கத்திவிடுவேன். வருடக்கணக்கில் இப்படி. ஒருநாள்தான் கவனித்தேன், கத்துகிற நாளெல்லாம் மதியம் சரியாகச் சாப்பிடாத நாள். அதிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, அங்கேயே நின்று ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் இப்போது வாசலுக்கு ஓடி வருகிறார்கள்.

நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியு என்ற துறவி இதையே தன் சீடர்களுக்குச் சொல்லியிருக்கிறார். எந்த நினைவு எப்போது வருகிறது, எதற்குப் பின்னால் எது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று கவனித்துப் பார்க்கச் சொல்கிறார். ஒவ்வொரு கெட்ட நினைவுக்கும் பதிலாகச் சொல்ல வேத வசனங்களையும் தொகுத்து வைத்தார். வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது ஆண்டவர் மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னாரே, அந்த வழிதான். சோதனை வரும் நேரத்தில் நீளமாக ஜெபிக்க முடியாது. "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று தண்ணீரில் அமிழ்கிறபோது பேதுரு கூப்பிட்டது போல ஒரு வரி போதும். அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த வாரத்துக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போனில் வேதம் வாசிப்பதை நிறுத்துங்கள். சபையில் திடப்படுத்தல் ஆராதனை அன்று கொடுத்த வேதாகமம் உங்களிடம் இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று வாங்குங்கள். பத்து மணிக்கே போனை அணைத்துக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பீர்கள். ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். போத்திபாரின் மனைவி தன்னைப் பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்பு அந்த வீட்டுக்குள் நின்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடிப்போனான். சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று பவுல் எழுதினாரே, உங்கள் விஷயத்தில் அந்தப் போக்கு அறைக் கதவாகவே இருக்கலாம். எழுந்து வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது அந்த மூன்று நாலு நாள் மௌனம். விழுந்ததைக் காட்டிலும் அதில்தான் அதிகமாக இழக்கிறீர்கள். கொஞ்சம் சுத்தமான பிறகு தேவனிடம் போகலாம் என்று காத்திருக்கிறீர்கள். சுத்தம் பண்ணுகிறவர் அவர்தானே, தம்பி. பேதுருவைப் பாருங்கள். கெத்செமனேயில் அன்றிரவு அவன் தூங்கியதற்குக் காரணம் துக்கம் என்று லூக்கா எழுதுகிறார். களைப்பும் துக்கமும் சேர்ந்த ஒருவன் தூங்கினான், சேவல் கூவுவதற்கு முன்னால் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தான். அது நடப்பதற்கு முன்பே ஆண்டவர் அவனிடம் சொல்லியிருந்தார், "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று. அவன் விழப்போவது தெரிந்துதான் ஜெபித்திருக்கிறார். அதே பேதுரு பிறகு தன் நிருபத்தில் "விழித்திருங்கள்" என்று சபைகளுக்கு எழுதினான். அந்த வார்த்தையை எழுதும்போது அவனுக்கு அந்தத் தோட்டம் ஞாபகத்துக்கு வந்திருக்கும் என்றுதான் நான் எப்போதும் நினைப்பேன்.

அப்புறம், தனியாகப் போராடாதீர்கள். ஆண்டவரே அன்றிரவு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டார். உங்கள் சபைப் போதகரோ, நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரரோ, ஒருவரிடமாவது சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அவர் உங்களைக் கேட்கட்டும். இனி விழுந்தால் அன்றைக்கே, அந்த ராத்திரியே ஜெபியுங்கள். வார்த்தை வராவிட்டால், மன்னிப்புக் கேட்கிற 51ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள்.

எனக்கும் எழுதுங்கள். தினமும் இரவு பத்தரை மணிக்கு உங்களுக்காக ஜெபிக்கிறேன். இன்றைக்கே தொடங்குகிறேன்.

அன்புடன்,
அண்ணன்