ரெய்ஷிக் கோப்பியும் கிளினிக் குளிசையும்

கேள்வி: உம்மாவுக்கு 62 வயது. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும், பிரஷருக்கு லொசார்ட்டனும், இரவில் அஸ்பிரினும் எடுக்கிறா. வீட்டுக்கு வந்த ஏஜென்ட் ஒருவர் ரெய்ஷிக் கோப்பியும் கெப்சூலும் காட்டி, மூன்று மாதத்தில் குளிசை எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்கிறார். வாங்கலாமா? (சாய்ந்தமருது)

பதில்: குளிசையை விடச் சொன்ன அந்த ஒரு பேச்சே போதும், அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ரெய்ஷி, கனோடெர்மா வகைக் காளான். சீன வைத்தியத்தில் லிங்சி என்று நெடுங்காலமாகப் பாவிக்கிறார்கள். அதில் பீட்டா குளுக்கான், ட்ரைடெர்பீன் போன்ற சேர்மங்கள் இருப்பது உண்மை. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மீளாய்வு, 398 பேர் பங்குபற்றிய 5 பரிசோதனைகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தது. சீனி வருத்தக்காரரின் சீனிக்கோ இதய ஆபத்தைக் குறைக்கவோ இதைக் கொடுக்க ஆதாரம் போதாது என்றுதான் முடித்தது. புற்றுநோய் பற்றிய 2016 மீளாய்வும், வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக இதைக் கொடுக்க ஆதாரமில்லை என்கிறது.

உங்கள் உம்மாவுக்குப் பயனைவிட ஆபத்துத்தான் முதலில் யோசிக்க வேண்டியது. ரெய்ஷி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதையும் சேர்த்தால், பல் பிடுங்கினாலே இரத்தம் நிற்கச் சுணங்கலாம். கிளிக்லசைட் தனியாகவே சீனியைச் சட்டென்று இறக்கக்கூடிய மருந்து; ரெய்ஷியும் சேர்ந்தால் இன்னும் இறங்கலாம், நோன்பு நாட்களில் கேட்கவே வேண்டாம். பிரஷரும் தேவைக்கு மேல் இறங்கலாம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் தொடாமலே இருப்பது நல்லது.

ஈரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹொங்கொங்கில் அவித்துக் குடித்து வந்தவர்கள் தூளுக்கு மாறி ஓரிரு மாதத்தில் ஈரல் பாதிக்கப்பட்டதாக 2004இல் பதிவானது. தாய்லாந்தில் தூள் பாவித்த ஒருவர் இறந்தே போனார். இவை அரிதானவை. ஆனாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போவது, சாப்பாட்டில் வெறுப்பு, உடம்பு அரிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்தி, பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் உலர்வது, வயிற்றோட்டம், தோலில் தடிப்பு போன்றவை கொஞ்சம் அடிக்கடி வருபவை.

கோப்பிப் பக்கெட்டின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். சேர்பொருட்களை எடை கூடியது முதலில் வரும்படிதான் எழுதுவார்கள். முதல் வரியில் சீனியும் பால்மாவுக்குப் பதிலான கிரீமரும், கடைசியில் கனோடெர்மாவும் இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது சீனித் தண்ணீருக்கு!

கேள்வி: ரெய்ஷித் தூள் நல்லதா, கலப்படமா என்று வீட்டில் பார்க்க முடியுமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: ஓரளவுக்கு. அமெரிக்காவில் வாங்கிய 19 ரெய்ஷித் தயாரிப்புகளைப் பரிசோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், லேபலில் சொன்னபடி இருந்தவை 5 மட்டுமே. நம் கடைத் தட்டை அதைவிட நம்ப ஒரு காரணமும் இல்லை.

வெறும் தூளில் ஒரு சிட்டிகையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். பார்மசியில் விற்கும் அயடின் திரவம் ஒரு துளி விடுங்கள். கருநீலமானால் மாச்சத்து இருக்கிறது. அரிசியிலோ சோளத்திலோ வளர்த்த காளான் வேரை (வேர்போலப் பரவும் மெல்லிய இழைகளை) அந்தத் தானியத்தோடு அரைத்திருக்கலாம், மா கலந்திருக்கலாம். நிறம் மாறாவிட்டால் நல்ல ரெய்ஷி என்று ஆகிவிடாது; மா இல்லை என்பது மட்டுமே தெரியும். கரும்பழுப்புச் சாற்றுத் தூளையும் கோப்பியையும் இப்படிப் பார்க்க இயலாது, நிறமே மறைத்துவிடும்.

நாக்கும் உதவும். ட்ரைடெர்பீன் கசப்பானது. கசப்பே இல்லாத ‘செறிந்த’ ரெய்ஷி சந்தேகத்துக்குரியது. லேபலில் ‘பொலிசக்கரைட் 30%’ என்று இருந்தால் மயங்காதீர்கள், சீனி மூலக்கூறுகள் கோத்த நீண்ட சேர்மங்களுக்கெல்லாம் அதுதான் பெயர்; மாவும் பொலிசக்கரைட்தான். பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். காளானின் தலைப்பகுதியா, வேரா என்பதும், இறக்குமதி செய்தவரின் முகவரி, பேட்ச் இலக்கம், காலாவதித் திகதியும் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

காய்ந்த சீவல் கிடைத்தால் தூளைவிட அதுவே மேல், எதை வாங்குகிறோம் என்று கண்ணால் பார்க்கலாம். சீன மருந்தேடு சொல்லும் அளவு ஒரு நாளுக்கு 6 முதல் 12 கிராம். மருந்து எதுவும் எடுக்காத ஒருவர் பழகிப் பார்ப்பதென்றால் 3 கிராமோடு நிறுத்தலாம்: ஒரு லீட்டர் தண்ணீரில் சின்ன நெருப்பில் பாதியாகும்வரை அவித்து வடிக்க வேண்டும். மாரியில் சீவல் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமான போத்தலில் வையுங்கள். பச்சையாகவோ சாம்பலாகவோ புள்ளி கண்டால் மொத்தமாக எறியுங்கள்.

கேள்வி: எங்கள் வளவில் பட்டுப்போன தென்னங்குற்றியில் சிவப்பாய், வார்னிஷ் பூசினதுபோல் காளான் வளர்கிறது. இதுதான் ரெய்ஷியாமே, அவித்துக் குடிக்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: வேண்டாம். கனோடெர்மாவில் பல இனங்கள் உண்டு, கண்ணால் பார்த்து இனம் பிரிக்க முடியாது. அந்த மரத்துக்கு எப்போதாவது செவ்வண்டுக்காகத் தண்டில் நஞ்சு ஏற்றியிருந்தால் அதையும் சேர்த்துக் குடிப்பீர்கள்.

உண்மையில் இது உங்கள் மற்றத் தென்னைகளுக்கான எச்சரிக்கை. கனோடெர்மா அடித்தண்டை அழுகவைக்கும், மண் வழியாக வேருக்கு வேர் பரவும். பக்கத்து மரத்தின் அடியில் செம்பழுப்பு நீர் கசிகிறதா, கீழோலைகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். குற்றியை வேரோடு கிண்டி அகற்றி, சுற்றிக் கான் வெட்டிப் பிரித்துவிடுங்கள். தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டுவதும் நல்லது.

கேள்வி: மூன்று பேரைச் சேர்த்தால் பக்கெட் இலவசம், கமிஷனும் வரும் என்கிறார்கள். (அக்கரைப்பற்று)

பதில்: சாமான் விற்பதைவிட ஆள் சேர்ப்பதில்தான் வருமானம் என்றால் அது பிரமிட். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் இலங்கையில் குற்றம், சேர்ப்பவருக்கும்தான். வாங்கிவிட்டவர்கள் பற்றுச்சீட்டு, பக்கெட், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் முதலிலேயே வாங்காதீர்கள்.