வாசகர் கேள்வி பதில்: வெள்ளிக்கிழமைச் சுவரொட்டியை ஏன் நம்ப முடியவில்லை?

திரையரங்குகளுக்கு வரும் கூட்டம் குறைந்துவருவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றியே அவை அமைந்திருப்பதால் இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மாதம் ஒரு படமாவது குடும்பத்தோடு திரையரங்கில் பார்த்து வந்தோம். இப்போது எந்தப் படத்துக்கு ‘மாபெரும் வெற்றி’ என்று சுவரொட்டி ஒட்டினாலும், நாலு பேரிடம் விசாரிக்காமல் போக மனம் வருவதில்லை. மாறியது ரசிகர்களா, சினிமாக்காரர்களா?
*ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்*

ரசனை மாறியிருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் தயக்கத்துக்கு அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மோசமான படங்கள் எல்லாக் காலத்திலும் வந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து நொந்துகொண்டே வீடு திரும்பி, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வரிசையில் நின்றவர்கள்தாம் நம் ஊர்க்காரர்கள். படத்தைப் பற்றிச் சொல்லப்படுகிற எதையும் நம்புவதற்கில்லை என்ற எண்ணம் வேரூன்றிய பிறகே இந்த விலகல் தொடங்கியது.

முன்பெல்லாம் ஒரு படத்தின் வெற்றியை நாள் கணக்கில் சொன்னார்கள்: ஐம்பதாவது நாள், நூறாவது நாள், இருபத்தைந்து வாரம் கடந்தால் வெள்ளி விழா. நூறைத் தொட்டுவிட வேண்டும் என்பதற்காகப் பகல் காட்சியை மட்டும் ஓட்டிக் கணக்குக் காட்டியவர்கள் அன்றும் உண்டு. ஆயினும் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்க வந்தவர்கூட, அந்தப் படம் இன்னும் ஓடுகிறதா, மாலைக் காட்சிக்கு வாசலில் சைக்கிள்கள் நிற்கின்றனவா என்று தம் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. இன்று வெற்றியைக் கோடிகளில் அறிவிக்கிறார்கள். உலகம் முழுவதும் இத்தனை கோடி என்று சுவரொட்டியில் அச்சிடப்படும் தொகையைச் சரிபார்க்க எனக்கோ உங்களுக்கோ எந்த வழியும் இல்லை; அதே படத்துக்குத் தயாரிப்பு நிறுவனம் ஒரு தொகையையும், வணிகத்தைக் கவனிப்பவர்கள் வேறொரு தொகையையும் சொல்லும்போது, இரண்டையுமே ஒதுக்கிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பதுதான் அறிவுள்ளவர் செய்யும் காரியம்.

இந்த நிலை ஏன் வந்தது என்பதற்கு வணிகத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. கடலூரும் புதுச்சேரியும் பட வியாபாரத்தில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு என்று சேர்த்துச் சொல்லப்படும் ஏரியாவில் அடங்கியவை. அந்த ஏரியாவில் படத்தை வெளியிடும் உரிமையை, மினிமம் கியாரண்டி எனப்படும், படம் ஓடாவிட்டாலும் திரும்பாத தொகையைக் கொடுத்து வாங்கிய விநியோகஸ்தர் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும்; அரங்கோடு செய்துகொள்ளும் பங்கு ஒப்பந்தத்திலோ பெரிய படங்களுக்கு முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பக்கம் அதிக விழுக்காடும், வாரம் செல்லச் செல்ல அரங்குக்காரர் பக்கம் கூடுதலும் போகின்றன. அதோடு, தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரங்களில் ஓ.டி.டி. தளத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரே நாளில் ஊரிலுள்ள அத்தனை திரைகளிலும் ஒரே படத்தைப் போட்டு, வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் முடிந்த அளவு வாரிவிட வேண்டும் என்ற கட்டாயம் இதிலிருந்துதான் பிறக்கிறது. ‘ஓபனிங்’ எனப்படும் முதல் சில நாள் வசூல் ஒன்றே குறி என்றான பின், படத்தைப் பற்றிய உண்மை ஞாயிற்றுக்கிழமை இரவு வரை வெளியே வராமலிருந்தால் போதும் என்றாகிவிடுகிறது. படம் வெளியான மறுநாளே மாலை மாற்றி, கேக் வெட்டி நடத்தப்படும் ‘சக்சஸ் மீட்’ எதற்காக என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று அறியப்படும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், படங்களைப் பற்றிய விவரங்களை வாழ்நாள் முழுவதும் சேகரித்து வைத்தவர். 2016-இல் மறையும்வரை, எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது என்று ஐயம் எழுந்தால் பத்திரிகைக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள். படத்துக்கு விளம்பரம் தேடித் தருகிறவரே தகவலுக்கும் பொறுப்பாளராக இருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று. அந்த மரபு தொடராமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ட்ரெய்லரில் கண்ட காட்சியும் பாட்டும் படத்தில் இல்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?
*ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

போகலாம், ஆனால் வெல்வது கடினம். 2016-இல் வெளியான ‘ஃபேன்’ என்ற இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்ற பாடல் படத்தில் இல்லை என்று மகாராஷ்டிரத்து ஆசிரியை ஒருவர் வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம்கூட அவர் பக்கம் நின்று இழப்பீடு வழங்கச் சொன்னது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முன்னோட்டம் என்பது பார்வையாளருக்குத் தரப்படும் வாக்குறுதி ஆகாது என்றும், அதிலுள்ள பாட்டோ வசனமோ படத்தில் இல்லாததைச் சேவைக் குறைபாடாகக் கருத முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

படைப்பாளிக்குக் கடைசி நிமிடம் வரை வெட்டவும் மாற்றவும் உரிமை வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். இருந்தாலும், நகைச்சுவைப் படம் என்று எண்ணும்படி முன்னோட்டத்தைத் தொகுத்துவிட்டு, உள்ளே குழந்தைகளோடு உட்கார முடியாத வன்முறையைக் காட்டுவது வேறு வகை. அதற்காக நீங்கள் பார்க்க வேண்டியது தணிக்கைச் சான்றிதழை. 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கத்தக்க யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் எடுக்குமுன் அந்த எண்ணைப் பாருங்கள். ட்ரெய்லரைவிட அது நம்பத்தக்கது.

யூடியூப் விமர்சனங்கள்தாம் படங்களைக் கொல்கின்றன என்கிறார்களே? முதல் சில நாள்களுக்கு விமர்சனத்தைத் தடை செய்தால் என்ன?
*ஒரு கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்*

2024 இறுதியில் தயாரிப்பாளர் அமைப்புகள் இதைத்தான் கேட்டன. அரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடக் கூடாது என்ற கோரிக்கை முதலில் எழுந்தது. பிறகு, படம் வெளியாகி மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கலானது. விமர்சிப்பது கருத்துரிமை என்று சொல்லி, அப்படியொரு பொதுத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. மனுவில் கேட்கப்பட்ட அவகாசம் மிகச் சரியாக மூன்று நாள் என்பதைக் கவனியுங்கள். மஞ்சக்குப்பம் வாசகருக்கு மேலே எழுதிய வணிகக் கணக்கோடு அது அப்படியே பொருந்துகிறது.

தனிமனிதர்களை இழிவுபடுத்தும் விமர்சனங்களை நான் ஆதரிக்கவில்லை. படம் பார்க்காமலே திட்டுகிறவர்களும், எதிர் நடிகரின் ரசிகர்கள் என்பதற்காகவே கூட்டமாகத் தூற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது அநீதி. ஆனால் காசு வாங்கிக்கொண்டு பாராட்டுகிற விமர்சனத்தைப் பற்றி எந்தச் சங்கமும் மனு போட்டதாக நான் அறியவில்லை. புதுச்சேரியில் ஓர் அரங்க வாசலில் இடைவேளையின்போது நான் கண்ட காட்சி இது: ஒலிவாங்கியோடு நின்ற பையன், வெளியே தேநீர் குடிக்க வந்த இளைஞரிடம் “படம் எப்படிண்ணா?” என்று கேட்டார். “பரவால்லப்பா, போகுது” என்றார் அவர். “கொஞ்சம் எனர்ஜியா சொல்லுங்கண்ணா” என்று மறுபடியும் பதிவு செய்தார்கள். இரண்டாம் முறை அந்த இளைஞர் கையை உயர்த்தி “வேற லெவல்!” என்று கத்தினார். படம் அப்போது பாதிதான் முடிந்திருந்தது.

விளம்பரத்துக்காகப் பணமோ பொருளோ பெற்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரநிலைக் குழு 2021-லேயே இணையப் பிரபலங்களுக்கு வழிகாட்டுதல் வகுத்திருக்கிறது. மத்திய நுகர்வோர் நலத் துறையும் 2023 சனவரியில் அதையே வலியுறுத்தியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தடை தேவையென்றால் அதை இந்த இடத்திலிருந்து தொடங்கலாம். நீங்கள் பார்க்கும் விமர்சகர் கடந்த ஆறு மாதத்தில் ஒரு பெரிய படத்தையாவது நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். அவரைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும்.

உண்மையான வசூலை அறிய வழியே கிடையாதா?
*ஒரு வாசகர், பண்ருட்டி*

வழி உண்டு, மனம்தான் இல்லை. தென் கொரியாவில் அரசு சார்ந்த திரைப்படக் கவுன்சில் நாடு முழுவதும் அரங்குகளைக் கணினியில் இணைத்து, எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நாள்தோறும் பொதுமக்களுக்கே காட்டுகிறது. அங்கே கணக்கிடப்படுவது தலைகள். கட்டணத்தை உயர்த்தி வெற்றியைப் பெரிதாக்கிக் காட்ட இடமில்லை. பக்கத்திலுள்ள கேரளத்தில் தயாரிப்பாளர் சங்கம் 2025-இல், வெளியான படங்களின் செலவையும் அந்த மாநில அரங்குகளில் கிடைத்த பங்கையும் மாதந்தோறும் பட்டியலிட்டு வெளியிடத் தொடங்கியது. நட்டத்தை ஊரறியச் சொன்னது நடிகர்கள் சிலருக்குக் கசந்தது. என்றாலும் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு அந்தத் தயாரிப்பாளர்கள்மேல் எனக்கு மதிப்புக் கூடிற்று. நம் பக்கத்திலும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஜி.எஸ்.டி. கட்டப்படுகிறது, பெரும்பாலான டிக்கெட்டுகள் கணினி வழியே விற்கின்றன. எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

பெரிய படங்கள் செய்யும் தவறுக்குச் சிறிய படங்கள் தண்டனை அனுபவிக்கின்றனவே?
*ஒரு வாசகி, நெய்வேலி*

மிகச் சரியாகச் சொன்னீர்கள். இந்தக் கேள்விகளிலேயே என்னை அதிகம் வருத்துவது இதுதான். ‘மாபெரும் வெற்றி’ என்பதை நம்பிப் பணத்தைத் தொலைத்த குடும்பம், அடுத்த வாரம் அறிமுக இயக்குநர் ஒருவர் எடுத்த நல்ல படம் வந்தால் அதற்குப் போவதில்லை. “நான்கு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுகிறது. பெரிய படத்துக்கு முன்பதிவிலேயே பணம் வந்துவிடும். சிறிய படம் பிழைப்பதோ, பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்வதால்தான். அந்தப் பேச்சு ஊருக்குள் பரவ ஒரு வாரமாவது வேண்டும். கிடைப்பதோ காலைக் காட்சி ஒன்றும் மதியக் காட்சி ஒன்றும். திங்கட்கிழமை அவையும் போய்விடும். ஓ.டி.டி. நிறுவனங்களும் இப்போது சிறிய படங்களை முன்புபோல ஆர்வத்தோடு வாங்குவதில்லை என்பதால், நான்கு வாரம் காத்திருந்தாலும் அந்தப் படம் நம் வீட்டுக்கு வரும் என்ற உறுதி கிடையாது.

நம் பகுதிக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. புதுச்சேரி அரசு, நவதர்ஷன் திரைப்படக் கழகம், பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகியவற்றோடு சேர்ந்து ஆண்டுதோறும் இந்தியத் திரைப்பட விழா நடத்துகிறது. அதில் சிறந்த தமிழ்ப் படத்துக்கு வழங்கும் விருது, 1922-இல் புதுச்சேரியிலேயே மறைந்து கருவடிக்குப்பத்தில் அடக்கமான நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியது. அங்கே திரையிடப்படும் படங்களில் பலவும் நம் அரங்குகளில் வந்த சுவடே தெரியாமல் போனவை. நெய்வேலியிலிருந்து வந்து பார்ப்பது சிரமம் என்று தெரியும், வாய்ப்பிருந்தால் வாருங்கள்.

முதல் நாள் டிக்கெட்டில் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். குடிதண்ணீருக்கும் காசு. யாரிடம் முறையிடுவது?
*ஒரு வாசகர், கடலூர் முதுநகர்*

முதலில் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் திரையரங்குக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது; 2017 அக்டோபர் ஆணையின்படி பல்திரை அரங்குகளுக்கு அது வரி நீங்கலாக 150 ரூபாய். இதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடு. இணையத்தில் பதிவு செய்தால் வரும் கூடுதல் கட்டணம் அந்தத் தளத்துக்கு உரியது. முதுநகர்க்காரர்கள் பலர் புதுச்சேரிக்குப் போய்ப் படம் பார்ப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அது வேறு அரசு, அங்கே கட்டண விதியும் வரியும் வேறு, கடலூர்க் கணக்கை அங்கே காட்டிச் சண்டையிட முடியாது.

வெளியிலிருந்து உணவு கொண்டுவருவதைத் தடுக்க அரங்குக்கு உரிமை உண்டு என்று 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது; அதே தீர்ப்பில், சுகாதாரமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் எடுத்துவருவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. குழாய் எங்கே என்று கேளுங்கள். காட்ட வேண்டியது அவர்கள் கடமை.

மாவட்டங்களில் திரையரங்குக்கு உரிமம் வழங்குபவர் ஆட்சியர். கூடுதல் தொகை வாங்கினால், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலேயே எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம்; 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். எதுவானாலும் ஆதாரம் தேவை. கையில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு அச்சிட்ட விலைக்கு டிக்கெட் கொடுத்துவிட்டால் பின்னால் எதையும் நிறுவ முடியாது. ஆகவே கைப்பேசி வழியாகப் பணம் செலுத்துங்கள். வாசலில் கிழித்துத் தரும் பாதி டிக்கெட்டை, விலையும் காட்சி நேரமும் தெரியும்படி உள்ளே போகுமுன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.