மேட்டூரில் ஓர் அடி ஏற எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

கேள்வி: மேட்டூர் அணைக்கு விநாடிக்கு 20,000 கன அடி வருகிறது, 10,000 கன அடி திறக்கிறார்கள் என்கிறது செய்தி. மறுநாள் பார்த்தால் நீர்மட்டம் அரை அடிதான் ஏறியிருக்கிறது. மீதித் தண்ணீர் எங்கே? (மன்னார்குடி வாசகர்)

பதில்: எங்கும் போகவில்லை, அணையில்தான் இருக்கிறது. வரத்தில் திறப்பைக் கழித்தால் 10,000. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. இரண்டையும் பெருக்கினால் 86.4 கோடி கன அடி. நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி என்பதால், சேர்ந்தது 0.86 டிஎம்சி.

இதை அடிக்கணக்குக்கு மாற்றும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, ஆகவே அடிக்கு 0.78 என்று வகுத்துவிடுகிறார்கள். மேட்டூர் நேர்ச்சுவர் வைத்துக் கட்டிய தொட்டி அல்ல. அடியில் குறுகி, மேலே போகப் போக விரியும் பள்ளத்தாக்கு. 60 அடியில், அதாவது பாதி உயரத்தில், இருப்பது சுமார் 25 டிஎம்சி. கால்வாசியைச் சற்றே தாண்டிய அளவு. 119 அடியிலிருந்து 120-ஐ எட்ட மட்டும் ஏறக்குறைய 1.6 டிஎம்சி வேண்டும். அதனால்தான் அணை நிரம்பும் தறுவாயில் 0.86 டிஎம்சி அரை அடி மட்டுமே ஏற்றுகிறது. அதே 0.86 டிஎம்சி, மட்டம் 50 அடியில் இருந்திருந்தால் ஓர் அடிக்கு மேல் ஏற்றியிருக்கும். சாகுபடிக்குத் திட்டமிடுபவர்கள் அடியைப் பார்க்காமல் 'நீர் இருப்பு' எத்தனை டிஎம்சி என்றே பார்க்க வேண்டும்.

இன்னொன்று: காலை 8 மணிக்குச் சொல்லும் வரத்து அந்த நேரத்து அளவு. இரவில் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். அதை 24 மணி நேரத்துக்கும் பெருக்கினால் கணக்கு உதைக்கும்.

கேள்வி: மேட்டூரிலேயே கனமழை பெய்தால் அணை நிரம்பாதா?

பதில்: நிரம்பாது. ஏரியின் மேல் நேராக 10 செ.மீ. மழை விழுந்தால் மட்டமும் அதே 10 செ.மீ.தான் உயரும், அடியில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றுவட்டார ஓடைகள் கொஞ்சம் சேர்க்கும். அணையை நிரப்புவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அதுவும் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிறைந்து, உபரி இறங்கினால்தான் பெருவரத்து.

கேள்வி: அங்கே திறந்த தண்ணீர் அன்றே வந்துவிடுமா?

பதில்: வராது. வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். ஆற்றுமணல் காய்ந்து கிடந்தால் முதலில் வருவதை அது உறிஞ்சிக்கொள்ளும், இன்னும் தாமதமாகும். திறப்புச் செய்தியை விட்டுவிட்டு, தமிழக-கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கும் வரத்தைக் கவனியுங்கள்; அடுத்து மேட்டூருக்கு வரப்போவது அதுதான்.